ஏஜென்ட்டுக்கு அனுப்பியாச்சு, பதிலைக் காணோம்: காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்வது

நாவலை லிட்டரரி ஏஜென்ட்டுக்கு, அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசிப் புத்தகத்தை விற்றுத் தருகிறவருக்கு, அனுப்பிவிட்டு மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், தமிழ் நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற மொழிபெயர்ப்பாளர்கள், அப்புறம் பணி ஓய்வு பெற்று இங்கே வந்து தங்கி வாழ்க்கைக் கதை எழுதும் பெரியவர்கள். தமிழில் எழுதித் தமிழிலேயே போட நினைப்பவர்களுக்கு ஏஜென்ட் தேவையில்லை, நேராகப் பதிப்பாளரிடம்தான் போக வேண்டும், அந்த விஷயம் நடுவில் தனியாக வரும்.

காத்திருப்பு எவ்வளவு படுத்தும் என்பது அனுப்பிய அன்றைக்கு என்ன குறித்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பொறுமை, மன உறுதி என்றெல்லாம் சொல்வார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. "மே 26 வரைக்கும் இதை யோசிக்க வேண்டியதில்லை" என்று எழுதி வைத்திருப்பவர் நிம்மதியாக மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவார். எழுதி வைக்காதவர் மீனுக்குக் காசு கொடுக்கும்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அனுப்புகிற அன்றைக்கே செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஏஜென்சியின் இணையதளத்திலும், பிரதியை எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் சப்மிஷன் பக்கம் ஒன்று இருக்கும். அதை அவசரமாக மேய்ந்துவிட்டு ஃபைலை இணைத்து அனுப்பிவிடுகிறோம், ஆனால் காத்திருப்பதற்கான தகவல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. என்ன கேட்கிறார்கள், எத்தனை வாரம் ஆகும் என்கிறார்கள், பதில் வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம். இதில் மூன்றாவதுதான் முக்கியம். சில ஏஜென்சிகள் எல்லோருக்கும் பதில் போடுவோம் என்று எழுதியிருக்கும். சில, எட்டு வாரத்திலோ பன்னிரண்டு வாரத்திலோ பதில் வரவில்லையென்றால் எங்களுக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். முதல் வகையிடம் நினைவூட்டலாம். இரண்டாம் வகையிடம் நினைவூட்டுவதில் பயனில்லை, தேதி தாண்டியதும் அடுத்த ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.

இதை எக்ஸெல்லில் போட்டு வையுங்கள், பழைய டைரியின் பின்பக்கம் என்றாலும் சரி. ஒரு வரி இப்படி இருக்கும்: ஏஜென்ட் பெயர், லண்டன். அனுப்பிய தேதி மார்ச் 3. அனுப்பியது நாவலை அறிமுகப்படுத்தும் கடிதம், ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம். அவர்கள் சொன்ன காலம் 12 வாரம். மௌனம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். விடுதலைத் தேதி மே 26. கடைசிக் கட்டம்தான் உங்களுக்கானது. அந்தத் தேதியை போன் காலண்டரிலும் போட்டுவிட்டால், அதுவரை நினைவு வைத்துக்கொள்கிற வேலை உங்களுடையது இல்லை.

எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பித் தீர்த்துவிடாதீர்கள். ஐந்தாறு பேருக்கு அனுப்பி, என்ன திரும்பி வருகிறது என்று பார்த்து, கடிதத்தைத் திருத்தி, அடுத்த ஐந்தாறு பேருக்குப் போவது நல்லது. ஒரே நேரத்தில் பல ஏஜென்ட்டுகளுக்கு அனுப்புவது அங்கே சாதாரணம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உங்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன் என்று நீங்களாக வாக்குக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரே ஏஜென்சியில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பக் கூடாது. பல இடங்களில் ஒருவர் வேண்டாம் என்றால் மொத்த ஏஜென்சியும் வேண்டாம் என்றதாகவே கணக்கு.

இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயமும் சுருக்கமும் கேட்பார்கள். அமெரிக்காவில் கடிதத்தோடு முதல் சில பக்கங்கள் போதும் என்பார்கள். அங்கே பலர் க்வெரிமேனேஜர் என்ற படிவம் வழியாக வாங்குகிறார்கள், அனுப்பியதும் ஒரு மெயில் வரும், அதிலிருக்கும் லிங்க்கில் உங்கள் பிரதி இன்னும் வரிசையில் நிற்கிறதா, முடித்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். இந்தியாவிலும் ஏஜென்ட்டுகள் உண்டு, டெல்லியில் ரைட்டர்ஸ் சைடு, ஜெய்ப்பூரில் சியாஹி என்று. இங்கே ஆட்கள் குறைவு என்பதால் எல்லோரிடமும் ஒரே வாரத்தில் கொட்டிவிட்டால் அப்புறம் போக இடம் இருக்காது.

தமிழ் நாவலை மொழிபெயர்த்து அனுப்புகிறவர்கள் மூல ஆசிரியரிடம், அவர் இல்லையென்றால் வாரிசுகளிடம், எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு அனுப்புங்கள். உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் ஏஜென்ட்டின் முதல் கேள்வியாக இருக்கும். "வாயால சொன்னாரு" என்பது அங்கே செல்லாது. தமிழிலிருந்து பிற மொழிக்குப் போகும் நூல்களுக்குத் தமிழ்நாடு அரசு மொழிபெயர்ப்பு மானியம் தருகிறது, 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை சர்வதேசப் புத்தகக் கண்காட்சியோடு வந்த திட்டம் அது. அதைக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் நட்டமில்லை.

ராத்திரி முழுக்க மெயில் பார்க்க வேண்டாம்

நியூயார்க் அலுவலகம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை என்று வைத்துக்கொண்டால், நமக்கு அது கோடையில் சாயந்திரம் ஆறரையிலிருந்து பின்னிரவு இரண்டரை, அங்கே குளிர்காலம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். லண்டன் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதாவது நீங்கள் காலையில் எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி வண்டிக்கு நின்றுகொண்டு மெயிலை இழுத்து இழுத்துப் பார்க்கும்போது லண்டனில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், நியூயார்க்கில் அலுவலகத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வந்திருக்க வேண்டியதெல்லாம் விடிவதற்கு முன்பே வந்திருக்கும். காலையில் காபி குடித்த பிறகு ஒரு தடவை பார்த்தால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். (டெல்லிக்கு அனுப்பியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவர்களும் நம்மோடுதான் விழித்திருக்கிறார்கள்.)

அனுப்புவதற்கென்றே தனி மெயில் முகவரி வைத்துக்கொண்டு போனில் அதன் சத்தத்தை அணைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை, அனுப்பிய அத்தியாயங்கள் பிடித்துப்போய் முழுப் பிரதி கேட்டு வந்த மெயில் ஸ்பேமில் கிடப்பது நடக்கக்கூடிய விஷயம்தான்.

எந்த மாதம் என்பதும் கணக்கில் வரும். அக்டோபரில் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தை, வசந்த காலத்தில் லண்டன் புத்தகச் சந்தை, இரண்டுக்கும் முன்னும் பின்னும் சில வாரங்கள் ஏஜென்ட்டுகள் உரிமை விற்கிற வேலையில் இருப்பார்கள், புதுப் பிரதி எதையும் தொட மாட்டார்கள். டிசம்பர் கடைசியில் அலுவலகமே இயங்காது. ஆகஸ்ட்டில் நியூயார்க் மந்தமாக இருக்கும். செப்டம்பர் கடைசியில் அனுப்பிவிட்டு அக்டோபர் முழுக்க ஏன் பதில் இல்லை என்று கவலைப்படுவதைவிட, அனுப்புவதையே நவம்பருக்குத் தள்ளலாம்.

நவம்பர் என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வர வேண்டும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியைத் தண்ணீரில் விட்டது. ஏஜென்ட் முழுப் பிரதி கேட்கும் மெயில் அப்படி ஒரு வாரத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்? முழுப் பிரதியும் சுருக்கமும் கடைசித் திருத்தத்தோடு கூகுள் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று, வெளியூரில் இருக்கும் தம்பியிடமோ சினேகிதியிடமோ ஒன்று என்று அக்டோபருக்கு முன்பே வைத்துவிடுங்கள். டவர் கிடைத்த அஞ்சு நிமிஷத்தில் போனிலிருந்தே அனுப்பிவிடலாம். அதுகூட முடியவில்லையென்றாலும் பதற வேண்டாம். புயல், கரண்ட் இல்லை, அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும், முழுப் பிரதி கேட்டவர் ஒரு வாரத்தில் மனசு மாற மாட்டார்.

நினைவூட்டுவது எப்போது, எப்படி

விதி எளிமையானது. அவர்கள் சொன்ன காலம் முடிந்து, பதில் போடுவோம் என்றும் சொல்லியிருந்தால், ஒரு வாரம் கூடக் கொடுத்துவிட்டு எழுதலாம். முழுப் பிரதியைக் கேட்டு வாங்கியவர் என்றால் மூன்று மாதம் கழித்து எழுதுவது வழக்கம். ஒருமுறை நினைவூட்டி மறுபடி ஒரு மாதம் மௌனமாகப் போனால் இன்னொருமுறை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எப்போதும் பழைய மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள், புதிதாகத் தொடங்கினால் நீங்கள் யார் என்று அவர் தேட வேண்டியிருக்கும். நாவலின் பெயர், அனுப்பிய தேதி, என்ன அனுப்பினீர்கள், பார்க்க நேரம் கிடைத்ததா, முடிந்தது. "தங்களின் மேலான பதிலை ஆவலுடன் எதிர்நோக்கி" என்கிற மாதிரி கல்யாணப் பத்திரிகை நடை ஆங்கிலத்திலும் நமக்கு வந்துவிடுகிறது, அதைக் கவனமாக வெட்டுங்கள். போன் செய்யக் கூடாது, இன்ஸ்டாகிராமில் போய்க் கேட்கவும் கூடாது. இங்கே அது சகஜம், அங்கே அது கதவைச் சாத்திவிடும்.

அனுப்பிய பிறகு மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பிழை கண்ணில் படும். எல்லோருக்கும் படும். புதுப் பிரதி அனுப்பாதீர்கள், உங்கள் ஃபைலில் மட்டும் திருத்தி வையுங்கள். கதையே மாறிப்போகிற அளவுக்கு எழுதியிருந்தால் மட்டும், அதுவும் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை என்று தெரிந்தால், ஒருமுறை கேட்கலாம்.

தமிழ்ப் பதிப்பாளருக்கு அனுப்பியிருந்தால்

இங்கே கணக்கே வேறு. நடுவில் ஏஜென்ட் இல்லை, எத்தனை வாரம் என்ற அறிவிப்பும் பெரும்பாலும் இல்லை. பதிப்பாளரே படிப்பார், இல்லையென்றால் அவர் நம்புகிற இரண்டு மூன்று எழுத்தாளர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அட்டை, அச்சகம், கடை, கொரியர் எல்லாம் அவரே பார்க்கிற பதிப்பகங்கள்தான் அதிகம். "வாசிச்சிட்டுச் சொல்றேன் தோழர்" என்றால் உண்மையிலேயே வாசிக்கத்தான் நினைக்கிறார், நேரம்தான் இருக்காது.

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டித் தமிழ்ப் பதிப்பு உலகத்தின் வருஷம் ஜனவரியில்தான் முடிகிறது. செப்டம்பரிலிருந்து பொங்கல்வரை பதிப்பாளர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட புத்தகங்களைக் கரை சேர்ப்பதில் இருப்பார், அந்த மாதங்களில் புதுப் பிரதி அனுப்பினால் அது மெயிலின் அடியில் புதைந்துபோகும். பிப்ரவரி, மார்ச்சில் அனுப்புங்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி கடலூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம், ஸ்டாலில் பதிப்பாளரே உட்கார்ந்திருக்கிற நேரமும் உண்டு. வார நாளில் மதியம் போனால் பேச முடியும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரக் கூட்டத்தில் போய்ப் பிரதியைக் கையில் திணித்தால் அவர் கல்லாவைப் பார்ப்பாரா, உங்களைப் பார்ப்பாரா? பேசும்போதும் பிரதியைக் கொடுக்காமல் "மெயில்ல அனுப்பட்டுமா சார்" என்று கேட்டுவிட்டு வருவது நல்லது, அடுத்த வாரம் எழுதும் கடிதத்துக்கு அதுவே முதல் வரி.

ஒரே சமயத்தில் இரண்டு தமிழ்ப் பதிப்பாளருக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சின்ன உலகம், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், இரண்டு பேரும் சரி என்றால் ஒருவரிடம் கெட்ட பெயர் நிச்சயம். அதற்காக வருஷக்கணக்கில் ஒருவரிடமே பிரதியை அடகு வைக்கவும் கூடாது. எத்தனை மாதம் காத்திருப்பீர்கள் என்பதை நீங்களே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். நினைவூட்டல் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"வணக்கம் சார். பிப்ரவரி 10 அன்று என் சிறுகதைத் தொகுப்பை உங்களுக்கு மெயிலில் அனுப்பியிருந்தேன், 12 கதைகள், சுமார் 160 பக்கம். பார்க்க நேரம் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். ஆகஸ்ட் 10 வரை வேறு யாருக்கும் அனுப்ப மாட்டேன். ஃபைல் திறப்பதில் சிக்கல் இருந்தால் சொல்லுங்கள், மறுபடி அனுப்புகிறேன். நன்றி."

ஃபைல் திறப்பது பற்றிய வரி சும்மா போட்டதில்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகத்தான் தெரியும். அதைக் கேட்டு வாங்கவும் அவருக்கு நேரமில்லை, நீங்களோ கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஆறு மாதம் வாடிக்கொண்டிருப்பீர்கள். யூனிகோடில் ஒரு வேர்டு ஃபைல், கூடவே ஒரு பிடிஎஃப் அனுப்பினால் இந்தச் சிக்கலே வராது.

இந்த இடைவெளியில் வந்து சேர்கிறவர்கள்

மூன்று நான்கு மாதம் மௌனத்தில் இருப்பவரிடம் யார் வந்து "உங்க நாவல் அருமை" என்றாலும் கண் கலங்கும். அப்போதுதான் பணம் கேட்கிறவர்கள் வருகிறார்கள். ஏஜென்ட் என்றால் படிப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, புத்தகம் விற்றால் அதில் கமிஷன்தான், உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 சதவீதம் என்பது பொதுவான நடைமுறை. முன்பணம், பதிவுக் கட்டணம், எடிட்டிங் பேக்கேஜ் என்று ஆரம்பித்தால் மெயிலை மூடிவிடுங்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவது தப்பில்லை, அது தெரிந்து செய்கிற வேறு முடிவு. தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று வாழ்த்துச் சொல்லி மூன்றாவது மெயிலில் ரூபாய்க் கணக்கை நீட்டுவதைத்தான் சொல்கிறேன்.

ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில், வாங்கியவர் ஒரு வருஷம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது காலாவதியாகிவிடும். "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுக்க" என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த 5 வருஷம், இந்தியா மட்டும் என்ற பாதுகாப்பு உதவாது.

கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் அனுப்பாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. மனசு கேட்கவில்லையென்றால் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டு அனுப்புங்கள்.

மாமா கேட்கும்போது

கல்யாண மண்டபத்தில், பந்தியில், இலைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மாமா சத்தமாகக் கேட்பார்: "என்னப்பா, புக்கு எப்ப வருது?" லண்டன், ஏஜென்ட், பன்னிரண்டு வாரம் என்று விளக்கத் தொடங்கினால் ரசம் வரும்வரை விடமாட்டார். "அனுப்பியிருக்கேன் மாமா, வந்ததும் மொதல் காப்பி உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை உடையுங்கள். யாருக்கு அனுப்பினோம், யார் வேண்டாம் என்றார்கள் என்ற விவரத்தை ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், அவரும் எழுதுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. ஃபேஸ்புக்கில் நிராகரிப்புகளை எண்ணிப் பதிவு போடுவது ஆறுதலாகத் தெரியும், ஆனால் அடுத்த ஏஜென்ட் உங்கள் பெயரைத் தேடினால் முதலில் அதுதான் வந்து நிற்கும்.

அடுத்ததை எழுதத் தொடங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. அனுப்பிய நாவலின் இரண்டாம் பாகத்தை எழுதாதீர்கள். முதல் பாகம் போகாவிட்டால் இரண்டாவதும் சேர்ந்து படுத்துவிடும். வேறு கதை, சிறுகதை என்றால் இன்னும் நல்லது, இதழ்களுக்கு அனுப்பலாம், வெளிவந்தால் கடிதத்தில் சேர்க்க ஒரு வரி கிடைக்கும்.

வந்த பதிலையும் வராத பதிலையும் படிப்பது

"எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்று வருவது பொதுக் கடிதம், எல்லோருக்கும் அதேதான், அதற்குள் அர்த்தம் தேட வேண்டாம், பதிலும் போட வேண்டாம். பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, இந்த இடத்தில் தொய்கிறது என்று எழுதியிருந்தால் அவர் உண்மையாகப் படித்திருக்கிறார், நன்றி என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்தப் பெயரை அடுத்த நாவலுக்குக் குறித்து வையுங்கள். திருத்தி மறுபடி அனுப்புங்கள் என்று வந்தால் அரைகுறையாகத் தேய்த்து அடுத்த வாரமே அனுப்பாதீர்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டாலும் காத்திருப்பார்கள்.

இரண்டு மூன்று சுற்று அனுப்பியும் ஒருவர்கூட மேற்கொண்டு பக்கங்கள் கேட்கவில்லையென்றால் சிக்கல் கடிதத்திலோ முதல் ஐந்து பக்கத்திலோ இருக்கிறது, நாவலை அதற்குள் குறை சொல்ல வேண்டாம். முழுப் பிரதி கேட்டு வாங்கிவிட்டு எல்லோரும் வேண்டாம் என்றால் கடிதம் நன்றாக இருக்கிறது, நாவலின் நடுப்பகுதியைப் பாருங்கள்.

அப்புறம் ஒருநாள் ஏஜென்ட் ஒருவர் போனில் பேசலாம் என்று நேரம் கேட்டு எழுதுவார். அந்த அழைப்பில் உங்களுக்கு ஏஜென்ட்டாக இருக்கிறேன் என்றால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டு வாரம் அவகாசம் கேட்பது வழக்கம்தான், நல்ல ஏஜென்ட் அதற்குக் கோபப்பட மாட்டார். எந்தப் பதிப்பகங்களுக்குக் கொண்டுபோவார், எவ்வளவு திருத்தம் எதிர்பார்க்கிறார், பிரிய வேண்டும் என்றால் எத்தனை நாள் நோட்டீஸ் என்று கேளுங்கள். போனை வைத்ததும் எக்ஸெல்லைத் திறந்து, விடுதலைத் தேதி இன்னும் தாண்டாத எல்லோருக்கும், முழுப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு முதலில், வேறொரு ஏஜென்ட் என்னை எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறார், இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள் என்று எழுதுங்கள். மாதக்கணக்கில் வாய் திறக்காதவர்கள் சிலர் அன்று ராத்திரியே பதில் போடுவதும் உண்டு. முடிவு எடுத்த பிறகு மற்றவர்களுக்கு, தமிழ்ப் பதிப்பாளர் யாரிடமாவது அதே நாவல் இருந்தால் அவருக்கும், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மறக்காமல் எழுதிவிடுங்கள்.